செம்மண் மேட்டைத் தாண்டிப் போன கப்பல்

ஞாயிற்றுக்கிழமை பிடோக் படகுத்துறையில் நல்ல இடம் வேண்டுமென்றால் விடியுமுன் போய்விட வேண்டும். அப்பா நாலேமுக்காலுக்கே தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாகக் கிளம்பிவிடுவார். நான் ஏழு மணி வாக்கில் புளோக்கின் கீழே உள்ள காப்பிக்கடையில் இரண்டு கோப்பி, நான்கு பரோட்டா கட்டிக்கொண்டு, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்க நடைபாதை வழியாகக் கிழக்குக் கரைப் பூங்காவுக்குள் நுழைவேன்.

படகுத்துறை சுமார் 250 மீட்டர் நீளம். நுனிக்குப் போய் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நங்கூரமிட்ட கப்பல்கள். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் பாரந்தூக்கி இயக்கிய அப்பாவுக்கு அவை நம் வீட்டுக் கீழே கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டிகள் மாதிரி. “அது எண்ணெய்க் கப்பல். காலியா நிக்குது. தண்ணிக்கு மேல எவ்வளவு உயரமா இருக்கு பாரு” என்பார். எனக்கு அவை வெறும் காட்சியாகத்தான் இருந்தன, போன டிசம்பர் வரை.

வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவள் நான். அதில் ஒரு சின்ன அங்கம்: வரலாற்றில் அதே நாளில் நடந்த ஒன்றைத் தொண்ணூறு விநாடிகளில் சொல்ல வேண்டும். டிசம்பர் 20ஆம் தேதிக்கு எனக்குக் கிடைத்தது, 1860இல் சவுத் கரோலைனா மாநிலம் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து விலகிய செய்தி. அடிமை முறை பற்றிய சண்டை நாட்டை இரண்டாக்கியது, போர் வந்தது, லிங்கன் வென்றார் என்று சொல்லி முடித்தேன். பாட்டுக்குப் போகுமுன் இரண்டு விநாடி மிச்சம் இருந்தது. அதை நிரப்ப, “நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லாத தூரத்துச் சண்டைதான்” என்று ஒரு வாக்கியத்தைப் போட்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு நேயர் அழைத்தார். பெயர் சொல்லவில்லை. வயது எண்பத்திரண்டு என்றார், கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவராம். “சம்பந்தம் இல்லைன்னு எப்படிம்மா சொன்னே? அந்தச் சண்டை நம்ம வாசலுக்கு வந்து நிலக்கரி ஏத்திக்கிட்டுப் போச்சு. அலபாமான்னு தேடிப் பாரு” என்றார். திட்டவில்லை. ஆனால் ஊடகப் படிப்பு படித்தவளுக்கு அதைவிடப் பெரிய திட்டு தேவையில்லை.

தேடிப் பார்த்தேன். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் இரண்டு பிற்பகல்கள் போயின.

அமெரிக்காவின் அந்தச் சண்டை ஒரே நாளில் மூண்டதல்ல. 1787இல் அரசமைப்புச் சட்டம் எழுதியபோதே உள்ளே வைத்துத் தைத்துவிட்ட முள் அது. நாடாளுமன்றத்தில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்பது மக்கள்தொகையைப் பொறுத்தது. தெற்கு மாநிலங்களில் அடிமைகள் ஏராளம். வாக்குரிமை இல்லாத அவர்களைக் கணக்கில் சேர்ப்பதா? ஐந்து அடிமைகளை மூன்று ஆள்களாகக் கணக்கிடுவது என்று முடிவானது. அதாவது ஓர் ஆள், ஐந்தில் மூன்று பங்கு ஆள். அந்த மூன்று பங்கு பலமும் போய்ச் சேர்ந்தது அடிமைக்கு அல்ல, அவனை வைத்திருந்தவருக்கு.

1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. உள்நாட்டில் வாங்குவதும் விற்பதும் நிற்கவில்லை. பஞ்சு விளைச்சல் பெருகப் பெருக அடிமையின் விலையும் ஏறியது. நாடு மேற்கே விரிந்துகொண்டே போனதால் ஒவ்வொரு புதிய மாநிலம் சேரும்போதும் அதே கேள்வி எழுந்தது: இங்கே அடிமை வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? 1820இல் மிசூரியை அடிமை மாநிலமாகவும் மெய்னைச் சுதந்திர மாநிலமாகவும் சேர்த்து, தராசை 12க்கு 12 என்று சமன்செய்தார்கள். வரைபடத்தில் குறுக்கே ஒரு கோடும் போட்டார்கள். 1854இல் அந்தக் கோட்டை அழித்தார்கள். கான்சஸில் குடியேறியவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

இதற்குள் தேவாலயங்களே பிரிந்துவிட்டிருந்தன. மெதடிஸ்ட், பேப்டிஸ்ட் சபைகள் 1840களிலேயே வடக்கு, தெற்கு என்று தனித்தனியாகிவிட்டன. ஒரே வேதத்தைப் பிரித்துவைத்து இரண்டு தீர்ப்பு. 1856இல் செனட் சபைக்குள்ளேயே, அடிமை முறையை எதிர்த்துப் பேசிய சார்ல்ஸ் சம்னரைத் தென்மாநில உறுப்பினர் ஒருவர் கைத்தடியால் நினைவிழக்கும்வரை அடித்தார். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே ஆக முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 1860இல் லிங்கன் வென்றபோது தெற்கின் பெரும்பாலான மாநிலங்களில் அவர் பெயரில் வாக்குச்சீட்டே அச்சாகியிருக்கவில்லை. டிசம்பர் 20, சவுத் கரோலைனா விலகியது. மொத்தம் 11 மாநிலங்கள். 1861 ஏப்ரல் 12, முதல் பீரங்கி வெடித்தது. நான்கு ஆண்டுகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரர்கள் இறந்தார்கள். போர் தொடங்கியபோது அந்த நாட்டில் அடிமைகளாக இருந்தவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர்.

மாநில உரிமைக்காக நடந்த போர் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை. பிரிந்துபோன தெற்கின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், 1861 மார்ச்சில் மேடையேறி, அடிமை முறைதான் தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றே பேசியிருக்கிறார். வீட்டுக்காரரே அடித்தளம் எது என்று சொன்ன பிறகு நாம் ஏன் வேறு கல்லைத் தேட வேண்டும்?

இனி அலபாமா. தெற்கிடம் கடற்படை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட் கப்பல் கட்டுமானத் தளத்தில் ரகசியமாக ஒரு கப்பலைக் கட்டச் செய்தார்கள். பாய்மரமும் உண்டு, நீராவி இயந்திரமும் உண்டு. 1862 ஜூலையில் சோதனை ஓட்டம் என்று சொல்லிப் புறப்பட்டது, திரும்பி வரவே இல்லை. நடுக்கடல் தீவுகளுக்குப் போய்ப் பீரங்கிகளை ஏற்றிக்கொண்டது. தலைவர் ரஃபேல் செம்ஸ். மாலுமிகளில் பெரும்பாலோர் ஆங்கிலேயர்கள். வேலை ஒன்றுதான்: வடக்கின் வணிகக் கப்பல் எதைக் கண்டாலும் பிடிப்பது, ஆள்களை இறக்கிக்கொண்டு கப்பலைக் கொளுத்துவது. இரண்டு ஆண்டுகளுக்குள் 65 கப்பல்கள் அதன் கையில் சிக்கின.

அந்தக் கப்பல் தென்சீனக் கடலிலிருந்து ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கடந்து சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழைந்து, 1863 டிசம்பர் 21ஆம் தேதி இங்கே நங்கூரமிட்டது. கிழக்கேயிருந்து வரும் கப்பல் எதுவாக இருந்தாலும் பிடோக் கரையைப் பார்த்துக்கொண்டுதான் வர வேண்டும்.

அன்றைய பிடோக் கரை இன்றையதல்ல. நான் பரோட்டாப் பொட்டலத்தோடு நடந்து வரும் இந்தப் பூங்கா, சைக்கிள் பாதை, விரைவுச்சாலை, உணவங்காடி நிலையம் எல்லாமே அப்போது கடல். பழைய கரை, இன்றைய அப்பர் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டை ஒட்டி இருந்தது. அங்கே கடலோரமாகச் செம்மண் மேடுகள் செங்குத்தாக நின்றன. தானா மேரா என்ற பெயருக்கு மலாயில் பொருளே செம்மண் என்பதுதான். 1604இல் வரைந்த போர்த்துகீசிய வரைபடத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது, ஏனென்றால் கடலோடிகளுக்கு அந்தச் சிவப்பு ஓர் அடையாளக் கம்பம். 1960களில் கிழக்குக் கரை மீட்புத் திட்டம் தொடங்கியபோது பிடோக், சிக்லாப் வட்டாரக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணையே கடலில் கொட்டினார்கள். இருபது ஆண்டுகளில் சுமார் 1,500 ஹெக்டேர் புதுநிலம். ஆகவே அந்தச் செம்மண் மேடு எங்கும் போய்விடவில்லை. நம் காலடியில் படுத்துக் கிடக்கிறது.

அலபாமா வந்தபோது சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்கள் வேலையில்லாமல் கட்டிக்கிடந்தன. அலபாமா இந்தப் பக்கம் திரிகிறது என்ற செய்தி பரவியதும் அவற்றில் சரக்கேற்ற யாரும் துணியவில்லை. பயமுறுத்தியது நியூ ஹார்பருக்குள் நுழைந்தது. இன்று நாம் கெப்பல் துறைமுகம் என்று சொல்லும் இடம். அங்கே நிலக்கரி ஏற்றிக்கொண்டது. பிரிட்டன் நடுநிலை நாடு. போரிடும் கப்பலுக்குப் பீரங்கிக் குண்டு விற்கக் கூடாது, கரி விற்கலாம். ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்ததாம். நம்மூர்க்காரர்கள் அப்போதும் இப்படித்தான்.

24ஆம் தேதி காலை கிளம்பியது. அன்றே மலாக்கா நீரிணையில் மோல்மேனிலிருந்து சிங்கப்பூருக்கு அரிசி ஏற்றிவந்த மார்ட்டபான் என்ற கப்பலை மடக்கியது. அது பிரிட்டிஷ் கொடி பறக்கவிட்டிருந்தது, தாள்களும் பிரிட்டிஷ் தாள்கள். அடியில் அது டெக்சன் ஸ்டார் என்ற அமெரிக்கக் கப்பல் என்று செம்ஸ் கண்டுகொண்டார். கொளுத்தினார். அதிலிருந்தவர்களைக் கிறிஸ்மஸ் காலையில் மலாக்காவில் இறக்கிவிட்டார். மறுநாள் சொனோரா, ஹைலேண்டர் என்ற இரண்டு கப்பல்களுக்கு அதே கதி. இங்கே வரவேண்டிய அரிசி நடுக்கடலில் எரிந்த பிறகு, தூரத்துச் சண்டை என்ற என் வாக்கியத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதன் பிறகு அலபாமா வங்கக் கடலைத் தாண்டி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, 1864 ஜனவரியில் திருவிதாங்கூர்க் கரையில் எம்மா ஜேன் என்ற கப்பலைக் கொளுத்திவிட்டு, அதன் ஆள்களை அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனது. கன்னியாகுமரி அப்போது திருவிதாங்கூரின் பகுதி. அந்த நாட்டில் அடிமை முறையை ஒழித்து அறிவிப்பு வந்து ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இன்னும் கொஞ்சம் கிழக்கே, திருநெல்வேலிச் சீமையில், அந்தப் போரினால் பஞ்சு விலை எகிறிக்கொண்டிருந்தது. லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அதுவரை அமெரிக்க அடிமைகள் பறித்தது. வடக்கின் கடற்படை தெற்குத் துறைமுகங்களை அடைத்ததும் ஆலைக்காரர்கள் இந்தியப் பக்கம் திரும்பினார்கள். தூத்துக்குடியில் பஞ்சுப் பொதிகள் ஏறின. 1865இல் போர் முடிந்தது, விலை விழுந்தது, அதை நம்பிக் கடன் வாங்கியவர்களும் விழுந்தார்கள்.

இதுவரை படித்ததை அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் டேவிட் வைட் வந்தான்.

டேவிட் வைட்டுக்கு வயது 17 இருக்கும். டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த அடிமை. 1862 அக்டோபரில், தன் எஜமானரோடு டோனவாண்டா என்ற கப்பலில் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தான். அலபாமா அந்தக் கப்பலைப் பிடித்தது. பயணிகளில் பெண்கள் நிறைய இருந்ததால் பின்னர் கப்பலை விட்டுவிட்டார்கள். டேவிட்டை மட்டும் செம்ஸ் தன்னோடு வைத்துக்கொண்டார். எதிரியின் சொத்து, ஆகவே போரில் கிடைத்த பொருள் என்பது அவருடைய கணக்கு. அதிகாரிகளின் உணவறையில் பணியாள் ஆக்கினார். கப்பலின் பதிவேட்டில் பெயரை எழுதி, மற்றப் பணியாள்களைப் போலவே சம்பளமும் கொடுத்ததாகச் செம்ஸ் பின்னால் தம் நினைவுக்குறிப்பில் பெருமையாக எழுதியிருக்கிறார். துறைமுகங்களில் கரைக்குப் போக விட்டோம், அவனாகவே திரும்பி வந்தான் என்றும் சொல்கிறார்.

டெலவேர் விசித்திரமான மாநிலம். அங்கே அடிமை முறை இருந்தது, ஆனால் அது வடக்கோடு நின்றது. 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. டெலவேருக்குப் பொருந்தாது. டேவிட் கடத்தப்படாமல் ஊரிலேயே இருந்திருந்தாலும், அரசமைப்புத் திருத்தம் நிறைவேறிய 1865 டிசம்பர்வரை சட்டப்படி அடிமையாகத்தான் இருந்திருப்பான். கடத்திக்கொண்டு போனவர்களோ சம்பளம் கொடுத்தார்கள். யாரை எதிரி என்று அவன் நினைத்திருப்பான் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலித்தது.

அலபாமா சிங்கப்பூரில் நின்றபோது அதன் மாலுமிகளில் சிலர் கப்பலைவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களில் டேவிட் இல்லை. 1864 ஜூன் 19 அன்று பிரான்சின் ஷெர்பூர்க் துறைமுகத்துக்கு வெளியே, வடக்கின் கியர்சார்ஜ் என்ற போர்க்கப்பலோடு மோதி, ஒரு மணி நேரச் சண்டையில் அலபாமா மூழ்கியது. செம்ஸை ஓர் ஆங்கிலேயச் செல்வந்தரின் உல்லாசப் படகு காப்பாற்றிக் கரைசேர்த்தது. டேவிட் வைட்டுக்கு நீந்தத் தெரியாது. மூழ்கி இறந்தவர்களில் அவனும் ஒருவன். அலபாமா செய்த சேதத்துக்காகப் பிரிட்டன் அமெரிக்காவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 1872இல் ஜெனீவாவில் நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஒரு கோடியே 55 லட்சம் டாலர். எரிந்த கப்பல்கள், போன சரக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது.

சிங்கப்பூரில் டேவிட் இறங்கியிருந்தால் சட்டப்படி சுதந்திர மனிதன். இந்த ஊர் அப்போது கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட இந்தியாவின் பகுதி. அடிமையைச் சொத்தாக எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்ற 1843ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் இங்கும் செல்லும். ஆனால் அதற்கு முன்பே இங்கேயும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு தேசம் போட்ட சண்டையை இங்கே இரண்டு அதிகாரிகள் போட்டார்கள்.

அந்த இடத்தைப் பார்க்க ஒரு புதன்கிழமை பிடோக்கிலிருந்து ரயிலேறி பூகிஸில் இறங்கினேன். பூகிஸ் வணிகர்களின் படகுகள் வந்து நின்ற கரை அது. 1819இல் ராஃபிள்ஸ் இந்தத் தீவை ஃபார்க்குவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். கையில் காசில்லை, ஊர் வளர வேண்டும். சூதாட்டம், சேவல் சண்டை, அடிமை வியாபாரம் எல்லாவற்றையும் ஃபார்க்குவர் கண்டும் காணாமல் விட்டார். படகுகள் வந்தால் போதும். 1822இல் திரும்பிவந்த ராஃபிள்ஸ், தம் இருப்பிடத்துக்குப் பக்கத்திலேயே ஆள்கள் விற்கப்படுவதைக் கண்டார். இருவருக்கும் ஏற்கெனவே ஆயிரம் மனத்தாங்கல், இதுவும் சேர்ந்தது. 1823இல் ஃபார்க்குவரின் பதவி போனது. அதே ஆண்டு அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் ஒழுங்குமுறை வந்தது.

அந்தச் சந்தையைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், மலாய் உரைநடையின் முன்னோடி. அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து வந்த அரபியர். நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அப்துல்லாவைச் சின்ன வயதில் தமிழ் படிக்க அனுப்பினார்கள், மலாக்காவில் கணக்குவழக்கு அந்த மொழியில் நடந்ததால். 1849இல் அச்சான தம் வாழ்க்கை வரலாற்றில் அவர், பூகிஸ் படகொன்றில் ஐம்பது அறுபது பேர் விற்பனைக்கு இருந்ததையும், வாங்க வந்தவர்கள் பெண்களின் உடம்பைத் தொட்டுப் பார்த்து விலை பேசியதையும், பார்க்கப் பொறுக்காமல் தாம் ராஃபிள்ஸிடம் போய்ச் சொன்னதையும் எழுதியிருக்கிறார். இன்று அந்தப் பக்கம் நிற்பவை கடைத்தொகுதிகள். மிச்சமிருப்பது பெயர் மட்டும். பூகிஸ் என்பதைக் கடை வீதியின் பெயராக மட்டும் சொல்லிப் பழகியவள் நான்.

அந்த 1823 ஒழுங்குமுறையில் ஒரு பிரிவு என்னைப் பிடித்து உட்காரவைத்தது. 1819 ஜனவரி 29க்குப் பிறகு வந்த யாரும் அடிமையல்ல என்கிறது சட்டம். கையோடு வேறொன்றையும் சொல்கிறது. சீனாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கப்பல் கட்டணம் கொடுக்க வழியில்லாமல் வரும் தொழிலாளிகளுக்கு இங்குள்ள ஒருவர் அந்தக் காசைக் கட்டலாம், அதற்கு ஈடாக அவர்கள் அவரிடம் வேலை செய்யலாம், அதில் தவறில்லை. ஆனால் தொகை 20 டாலரைத் தாண்டக் கூடாது, காலம் இரண்டு ஆண்டைத் தாண்டக் கூடாது, நீதிபதி முன்னால் முழுச் சம்மதத்தோடு பதிவு செய்ய வேண்டும்.

கதவை மூடிய அதே கை, பக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தது. பிறகு சஞ்சிக்கூலிகளாகத் தமிழர்கள் மலாயாவுக்கு வந்தது அந்த ஜன்னல் போன்ற ஒன்றின் வழியாகத்தான். அந்த ஒப்பந்த முறை இங்கே 1910இல்தான் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை அதற்குப் பின்னும் தொடர்ந்தது. என் கொள்ளுத்தாத்தா ஜொகூர் ரப்பர் தோட்டத்துக்கு வந்தது ஒரு கங்காணியின் பின்னால். ஆனால் எங்கள் பாட்டி வீட்டில் யாரையும் ‘கூலி’ என்ற சொல்லைச் சொல்ல விடமாட்டார். “தோட்டத்துல வேலை பார்த்தாங்கன்னு சொல்லு” என்று திருத்துவார். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் அந்தச் சொல் வந்த பக்கத்தை நான் அவர் காதில் விழாமல் வாசிப்பேன்.

பூகிஸிலிருந்து தேக்காவுக்கு நடந்தேன். சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நின்றது. மாதத்தின் முதல் வாரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் வழக்கமாகத் தூண்டில் போடும் தம்பியும் இருந்தார். புதுக்கோட்டைப் பக்கம். கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டர். விடுமுறை நாளில் தங்குவிடுதியில் அடைந்து கிடக்க முடியாது என்று கடலுக்கு வந்துவிடுவார். அப்பாவும் அவரும் மீன் பிடிப்பதைவிடக் கப்பல்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். நான் அலபாமா கதையைச் சொன்னேன். இருவரும் நன்றாகக் கேட்டார்கள். 20 டாலர், இரண்டு ஆண்டு என்ற இடம் வந்ததும் தம்பி சிரித்தார்.

“எனக்கும் ரெண்டு வருசம்தான்க்கா ஆச்சு” என்றார். ஊரில் ஒரு முகவருக்குக் கொடுத்த பணம், அதற்கு அடகு வைத்த நிலம், அதற்கு வட்டி. முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் அதற்கே போனது. மூன்றாம் ஆண்டுதான் அவர் அம்மாவுக்குக் காது குத்தும் விருந்துக்குச் சீர் செய்யப் பணம் அனுப்பியிருக்கிறார்.

நான் வானொலிக்காரி. வாய் சும்மா இருக்காது. “அப்போ இதுவும் ஒரு மாதிரி அடிமை...” என்று தொடங்கினேன்.

அவர் தூண்டிலைக் கீழே வைத்தார். “அக்கா, அப்படி மட்டும் சொல்லாதீங்க. அடிமைன்னா ஒருத்தன் இன்னொருத்தனை விப்பான். என்னை யாரும் விக்கல. நானா நிலத்தை வெச்சேன், நானா மீட்டேன்.” கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “கடன் முடியறவரைக்கும் ஊருக்குப் போக முடியாது, அது உண்மைதான்” என்றார்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பாட்டியின் பார்வை.

எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது நாளாகப் படித்ததையெல்லாம் ஒரு சொல்லுக்குள் அடைத்து அவர் தலையில் வைக்கப் பார்த்தேன். அவர் பட்ட கடன் சின்னதல்ல. அதைக் கட்டி முடித்தது அதைவிடச் சின்னதல்ல. அந்தச் சொல்லைப் போட்டால் முதலாவது தெரியும், இரண்டாவது மறைந்துவிடும். அதற்காக முகவர்கள் வாங்கும் பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? முடியாது. அதைக் கடன் என்றே சொல்லிப் பேசலாம். அந்தச் சொல்லுக்கே போதுமான கனம் இருக்கிறது.

ஒரு சுறாக்குட்டி மாட்டியது. தம்பி அதைக் கொக்கியிலிருந்து விடுவித்துக் கடலில் விட்டார். அப்பாவுக்கு வருத்தம்.

வானொலியில் திருத்தம் சொல்ல வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் கேட்டேன். “அமெரிக்கப் போரைப் பத்தி யாரும்மா புகார் பண்ணாங்க?” என்றார். ஒருவர் பண்ணினார் என்றேன். அதே தொண்ணூறு விநாடி கொடுத்தார். எழுதிப் பார்த்தால் நான்கு நிமிடம் வந்தது. வெட்டினேன். பஞ்சு போனது, ஜெனீவா போனது, அஞ்சுதெங்கு போனது, ராஃபிள்ஸ் போனார். செம்மண் மேடு, நிலக்கரி, எரிந்த அரிசி, டேவிட் வைட், இவ்வளவுதான் நின்றன. ‘சம்பந்தம் இல்லாத சண்டை என்று நான் சொன்னது தவறு’ என்று தொடங்கி, பிடோக் கரையைத் தாண்டிப்போன ஒரு பையனைப் பற்றிச் சொல்லி முடித்தேன். இந்த முறை இரண்டு விநாடி மிச்சம் இல்லை.

நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடத்தில் தொலைபேசி வந்தது. அதே குரல், பின்னணியில் மின்விசிறிச் சத்தம்.

“கப்பல் கதை எனக்குத் தெரியும். அந்தப் பையன் கதை தெரியாது. பேர் என்ன சொன்னே?”

“டேவிட் வைட், ஐயா.”

“இரு, பேனா எடுக்கறேன். இன்னொரு தடவை மெதுவாச் சொல்லு.”

சொன்னேன்.